சிறைவாசலுக்கு அப்பால் ஏழு நாள்
(பழைய பீகார்ச் சிறைகள் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு)

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "ஜாம்ஷெட்பூர்த் தமிழர் வரலாறு எழுதுங்க சார்" என்றார்கள். அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய பெரியவர்கள் சாக்சியிலும் கத்மாவிலும் இருக்கிறார்கள். நான் 36 வருஷம் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். ஆகவே மாத்திரை சம்பந்தப்பட்ட ஒரு வரலாற்றையே எழுதுகிறேன். கொஞ்சம் கசப்பான வரலாறுதான். மாத்திரை என்றால் கசக்கத்தானே செய்யும்.

சிறையிலிருந்து வெளியே வரும் நோயாளிக்கு அடுத்த வேளை மருந்து யார் கொடுப்பது? இதுதான் கட்டுரையின் கேள்வி. இந்தக் கேள்வி எனக்குப் புத்தகம் படித்து வந்ததல்ல. 1984-ல் நம் சங்கத்து வாசலுக்கே வந்தது.

அந்த வருஷம் ஒரு புதன்கிழமை மாலை, நாமக்கல் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். வயது இருபத்திரண்டு இருக்கும். லாரி கிளீனர். லாரி ஓர் ஆளை இடித்துவிட, டிரைவர் இறங்கி ஓடிவிட்டான். அகப்பட்டவன் இவன். ஹிந்தி தெரியாது, ஜாமீன் கொடுக்க ஆள் கிடையாது. எட்டு மாதம் விசாரணைக் கைதியாக இருந்துவிட்டு, முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியே வந்திருக்கிறான். லாரி பேட்டையிலும் டாடாநகர் ஸ்டேஷனிலும் ஐந்து நாள் சுற்றியிருக்கிறான். கடைசியில் ஒரு டீக்கடைக்காரர் "மதராசி சங்கம்" என்று கை காட்டியிருக்கிறார்.

சங்கத்தில் எல்லோரும் ஓடிவந்தோம். ஒருவர் வேட்டி சட்டை கொடுத்தார். செயலாளர் மாமா டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார். கைச்செலவுக்கு இருநூறு ரூபாய் சேர்ந்தது. வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தார் என் மனைவி. மறுநாள் ரயில் ஏற்றிவிடப் போனவன் நான். ஸ்டேஷனில் அவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "எனக்கு வலிப்பு வருமுங்ணா. ஜெயில்ல டாக்டரு ராத்திரிக்கு ஒரு வெள்ளை மாத்திரை குடுத்தாருங்க. ஒருதரங்கூட வரலீங்க. இனி எதுக்குங்ணா அது, அதுதான் வெளிய வந்துட்டமுல்லீங்க."

நானும் சிரித்துவிட்டு, "ஊருக்குப் போய் டாக்டரைப் பாருப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மருந்தாளுநன் நான். வலிப்புக்கு அந்தக் காலத்தில் சிறைகளில் கொடுத்தது பெரும்பாலும் ஃபீனோபார்பிடோன். மாதக்கணக்கில் தின்றவன் அதைச் சட்டென்று நிறுத்தினால், உடம்பில் தங்கியிருப்பது குறையக் குறைய, சில நாளில் முன்னைவிடப் பலமாக வலிப்பு வரும். இது எனக்குப் பாடத்தில் படித்த விஷயம். அன்று என் சட்டைப்பையில் மருந்தகச் சாவி இருந்தது. வண்டி புறப்பட நாற்பது நிமிஷம் இருந்தது. தோன்றவில்லை.

ராஜமுந்திரி தாண்டுவதற்கு முன் வலிப்பு வந்து, மேல் படுக்கையிலிருந்து விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து, அங்கே ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்திருக்கிறான். அவன் அம்மா யாரையோ விட்டு எழுதிய இன்லண்ட் லெட்டர் ஒரு மாதம் கழித்து வந்தது. அதில் ஒரு குறையும் சொல்லவில்லை. மகனை அனுப்பி வைத்த புண்ணியவான்களுக்கு நன்றி. உள்ளூர் டாக்டர் என்ன மாத்திரை தின்றான் என்று கேட்கிறார், அந்த மாத்திரையின் பேரைக் கேட்டு எழுத முடியுமா, அவ்வளவுதான். அந்தச் சிறைக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. பதில் வராததற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய இடம் ஸ்டேஷன்.

ஓய்வு பெற்ற பிறகு, இது எங்கள் ஒரு சங்கத்தின் மறதிதானா, அல்லது இதற்கொரு வரலாறு உண்டா என்று தேடத் தொடங்கினேன். உண்டு. அதுவும் நாம் குடியிருக்கும் இந்த மண்ணிலேயே.

1894-ன் ஒரு பிரிவு

இந்தியச் சிறைகளை நூறாண்டுக்கு மேல் ஆண்ட சட்டம் 1894-ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டம். அதன் 26-ஆம் பிரிவில் விடுதலையாகும் நோயாளி பற்றி ஒரு விதி இருக்கிறது. கடுமையான அல்லது ஆபத்தான நோயில் இருப்பவரை, அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியே அனுப்பக் கூடாது. அனுப்புவது பாதுகாப்பானது என்று மருத்துவ அதிகாரி கருத வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளைக்காரன் சட்டமாக இருந்தாலும் கருணையான விதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் ஒருவனைத் தெருவில் தள்ளாதே என்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் இரண்டே வழிதான். உள்ளே வைத்துக்கொள், அல்லது வெளியே விடு. வெளியே விட்ட பிறகும் மருந்து தொடரட்டும் என்ற மூன்றாவது வழி அதில் இல்லை. வாசலோடு சிறை வைத்தியரின் பொறுப்பு முடிந்தது.

1919-20-ல் இந்தியச் சிறைக் குழு ஒன்று நாடு முழுக்க ஆராய்ந்தது. தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ, நம் சென்னை மாகாண நிர்வாகக் குழுவில் இருந்தவர். 1919-ல் சில நாள் பொறுப்பு கவர்னராகவும் இருந்தார். தண்டிப்பது மட்டும் சிறையின் வேலையல்ல, திருத்துவதும் அதன் நோக்கம் என்று அந்தக் குழு அழுத்தமாகச் சொன்னது. விடுதலையாகிறவருக்கு உதவ வேண்டும் என்றும் சொன்னது. உதவி என்றதும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் மனசில் வந்தது வேலை, உறைவிடம், வழிச்செலவு. 1984-ல் எங்கள் மனசில் வந்ததும் அதேதான். வேட்டி, டிக்கெட், புளிசாதம்!

காங்கேயும் ஹசாரிபாகும்

ராஞ்சிக்குப் பக்கத்துக் காங்கேயை நம்மில் பலருக்கும் தெரியும். ஜாம்ஷெட்பூரில் ஒருவரைக் கிண்டல் செய்ய வேண்டுமானால் "காங்கேக்கு டிக்கெட் எடுக்கவா?" என்பார்கள். அங்கே அடுத்தடுத்து இரண்டு மனநோய் மருத்துவமனைகள். 1918-ல் ஐரோப்பியர்களுக்கென்று ஒன்று. 1925-ல் இந்தியர்களுக்கென்று இன்னொன்று. முதலாவதுதான் இன்றைய மத்திய மனநல நிறுவனம். இரண்டாவது, சீர்கேடுகள் பற்றிச் சுப்ரீம் கோர்ட் பல ஆண்டு விசாரித்த பிறகு, 1998 முதல் 'ரின்பாஸ்' என்ற பெயரில் இயங்குகிறது.

ராஞ்சியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஹசாரிபாக் மத்தியச் சிறை. 1942 நவம்பரில், தீபாவளி இரவில், ஜெயப்பிரகாஷ் நாராயண் தோழர்களோடு சுவரேறித் தப்பிய சிறை. இன்று அதற்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். ஜே.பி. ஒரே இரவில் தாண்டிய சுவருக்குள், குணமாகியும் இருபது முப்பது வருஷம் இருந்தவர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

எப்படி இது நடந்தது? குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லையென்றால் விசாரணை நடத்த முடியாது. அவரைப் பத்திரமான காவலில் வை என்று கோர்ட் உத்தரவிடும். மருத்துவமனையில் படுக்கை இல்லை. ஆகவே சிறையே காவல். சில வருஷத்தில் குணமாகும். டாக்டர் சான்று கொடுப்பார். சான்று மேலிடம் போகும். மேலிடத்திலிருந்து பதில் வராது. ஊரிலும் தேடி வர ஆளில்லை. இதில் யாரும் கொடுமைக்காரர் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த மேஜைக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது மட்டும் யாருடைய வேலையுமில்லை.

1979 ஜனவரியில் போலீஸ் அதிகாரி கே.எஃப். ருஸ்தம்ஜி பீகார் விசாரணைக் கைதிகள் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று பெயர் பெற்றது அதுதான். அதன் வெளிச்சத்தில் மற்ற கதவுகளும் திறந்தன. 1982 ஜனவரியில் ஹசாரிபாக் இலவசச் சட்ட உதவிக் குழுவினர் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். வீணா சேத்தி எதிர் பீகார் அரசு என்பது வழக்கு. நீதிபதி பகவதி அமர்வு, அப்படி வைத்திருந்தது சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி அவர்களை விடுவித்தது.

விடுவித்ததோடு இன்னொரு உத்தரவும் போட்டது. விடுதலையாகிறவர்கள் ஊர் போய்ச் சேர வழிச்செலவும், ஒரு வாரம் சாப்பிட்டுப் பிழைக்கப் பணமும் அரசு கொடுக்க வேண்டும் என்றது.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பெரிய மனசு படைத்த நீதிமன்றம், கடிதத்தை மனுவாக ஏற்ற நீதிமன்றம். அதுவே யோசித்து எட்டிய தூரம் டிக்கெட்டும் ஒரு வாரச் செலவும். இரண்டு வருஷம் கழித்து, அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, நாங்களும் அதையேதான் செய்தோம். மனநோயிலிருந்து தேறியவர் எட்டாவது நாள் யாரிடம் போவார்? தொடர் மருந்து வேண்டியிருந்தால் அந்தக் கிராமத்தில் எங்கே கிடைக்கும்? 1982-ல் இதற்கு விடை சொல்ல நாட்டில் ஏற்பாடே கிடையாது. தேசிய மனநலத் திட்டம் தொடங்கியதே அந்த வருஷம்தான்.

முசாஃபர்பூரும் தேஜ்பூரும்

அடுத்த வழக்கு ருதுல் சா. முசாஃபர்பூர் செஷன்ஸ் கோர்ட் அவரை 1968 ஜூன் 3-ஆம் தேதி குற்றமற்றவர் என்று விடுவித்தது. சிறைக்கதவு திறந்தது 1982 அக்டோபர் 16-ஆம் தேதி. பதினான்கு வருஷம். ஏன் என்று கேட்டால், அவர் மனநிலை சரியில்லாதவராக இருந்தார் என்றது அரசு. அவர் நன்றாக இருக்கிறார் என்று சிவில் சர்ஜன் 1977 பிப்ரவரியிலேயே எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகும் ஐந்தரை வருஷத்துக்கு மேல்!

அவர் மனுவில் விடுதலையோடு வேறு மூன்றும் கேட்டிருந்தார்: மறுவாழ்வு, மருத்துவச் செலவு, இழப்பீடு. 1983 ஆகஸ்ட் 1-ல் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, ஏற்கெனவே கொடுத்த 5,000 ரூபாயோடு இன்னும் 30,000 ரூபாய் இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. அடிப்படை உரிமை பறிபோனதற்குச் சுப்ரீம் கோர்ட்டே இழப்பீடு கொடுக்கலாம் என்ற வழி அன்றுதான் பிறந்தது. சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கை இழப்பீட்டுக்காகப் படிக்கிறார்கள். நான் அந்த மனுவின் மருத்துவச் செலவு என்ற சொல்லுக்காகப் படிக்கிறேன். வெளியே வந்த பிறகு வைத்தியம் வேண்டும் என்று முதலில் கேட்டது கமிட்டிகளோ அதிகாரிகளோ அல்ல. உள்ளே இருந்து வந்தவர் கேட்டார்.

பீகார் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஷீலா பார்சே வழக்கில் 1993-ல் தீர்ப்பு வந்தது. அது பக்கத்து மேற்கு வங்கச் சிறைகளைப் பற்றியது. அஸ்ஸாமில் 1951-ல் கைதான ஒருவரைத் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-ல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை சொன்னது. வீட்டுக்கு அனுப்பாமல் திரும்பச் சிறைக்கு அனுப்பினார்கள். ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் அவர் வெளியே வந்தது 2005-ல், எழுபத்தேழாவது வயதில். 2007-ல் மூன்று லட்ச ரூபாயும் மாதம் ஆயிரமும் கொடுக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். அந்த வருஷமே இறந்துபோனார்.

சேத்துப்பட்டில் கிடைத்த பாடம்

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றியும் பெருமையாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. அதுவரை காசநோய் என்றால் தாம்பரம், மதனபள்ளி என்று சானடோரியத்தில் மாதக்கணக்காகப் படுக்க வேண்டும் என்பது நம்பிக்கை. சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் இருந்த ஏழை நோயாளிகளைப் பாதிப்பேர் சானடோரியம், பாதிப்பேர் வீடு என்று பிரித்து ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் மருந்து தின்றவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். அதனால் வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. உலகமே தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. மாத்திரையை நேரில் பார்த்து விழுங்க வைக்கும் முறையும் அந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததே.

இதன் பொருள் என்ன? வைத்தியம் செய்யச் சுவர் தேவையில்லை. மருந்து தவறாமல் வருவதும், தின்றானா என்று கேட்க ஓர் ஆளும் இருந்தால் போதும். சிறைக்குக் காசநோயும் பழைய உறவு. நெரிசலும் காற்றோட்டமின்மையும் போதும் அது பரவ. மருந்து ஆறு மாதம் தின்ன வேண்டும். ஜாமீன் இரண்டாம் மாதத்தில் கிடைத்தால், மிச்சம் நாலு மாதம்? பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்குக் கட்டுப்படாத நோயாகவும் திரும்பலாம். அப்போது அது அவன் பாடு மட்டுமல்ல, அவன் குடும்பத்தின் பாடும்.

வெளியே வந்த முதல் நாட்கள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்கு வெளிநாட்டுக் கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான முப்பதாயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2007-ல் வெளியானது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம், அதே வயதுள்ள மற்றவர்களைவிட 12 மடங்குக்கு மேல். முக்கியக் காரணம் போதை மருந்து. உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்குசக்தி குறைந்துபோயிருக்க, வெளியே வந்து பழைய அளவையே எடுத்து உயிரை விடுகிறார்கள். நம் நாட்டு நிலைமை வேறு. ஆனால் முதல் வாரம்தான் கண்டம் என்ற பாடம் ஒன்றே.

இன்று சட்டம் எங்கே நிற்கிறது

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒரு பெரிய அடி. மருத்துவமனையிலிருந்து ஒருவரை வெளியே அனுப்பும்போது, அடுத்த சிகிச்சை எங்கே, யார் பார்த்துக்கொள்வது என்று அவரோடும் வீட்டாரோடும் கலந்து திட்டமிட வேண்டும் என்கிறது 98-ஆம் பிரிவு. ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் வேண்டும் என்கிறது 103-ஆம் பிரிவு. 2023-ல் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டமும் விடுதலைக்குப் பிந்திய ஆதரவைப் பேசுகிறது. 1894-லிருந்து பார்த்தால் நெடுந்தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள்; நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். தண்டனைக் கைதிக்கு விடுதலை தேதி முன்னாலேயே தெரியும், திட்டமிடலாம். விசாரணைக் கைதிக்கு மத்தியானம் கோர்ட்டில் ஜாமீன், சாயங்காலம் தாள் சிறைக்கு வரும், இருட்டும் நேரத்தில் கதவு திறக்கும். சிறை டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார். முதல் தடவை வழக்கில் மாட்டியவர், பெரும்பாலான குற்றங்களில், உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நல்லது. அப்படி வருகிறவர் கையில் மருந்துச் சீட்டு இருக்கிறதா என்பதே என் கவலை.

நாம் செய்யக்கூடியது

நம் சங்கத்துக்கு இப்போதும் வருஷத்துக்கு ஒருவர் இருவர் வருகிறார்கள். லாரிக்காரர்கள், ரிக் வண்டித் தொழிலாளிகள், வேலை தேடி வந்து ஏதோ வழக்கில் சிக்கியவர்கள். பாஷை தெரியாதவனுக்கு நோய் இருந்தால் அதைச் சொல்லவும் வாயில்லை. 1984-க்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். டிக்கெட் எடுக்கும் முன்னால் நாலு கேள்வி: உள்ளே என்ன மாத்திரை தின்றாய்? எத்தனை வேளை? கடைசியாக எப்போது? சீட்டு இருக்கிறதா? பதிலைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, சட்டைப்பையில் வைத்து ஊக்கு மாட்டி அனுப்புவேன். தேவைப்பட்டால் இங்கேயே டாக்டரிடம் காட்டி, ஊர் சேர்ந்து பத்து நாள் வரைக்கும் மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். பதினொரு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். எல்லோரும் ஊர் சேர்ந்ததாகத் தகவல் வந்தது.

என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஆகவே இளைஞர்கள் கவனிக்க வேண்டியவை சில. காவலில் இருக்கும் யாருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவைக் கேட்டால் சிறையிலிருந்து மருத்துவக் குறிப்பு வாங்கித் தரச் சொல்லலாம். காசநோய்க்காரர் என்றால் அவருடைய 'நிக்ஷய்' எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் நாட்டில் எந்த அரசு காசநோய் மையத்திலும் விட்ட இடத்திலிருந்து இலவசமாக மருந்து தொடரலாம். மனநலப் பிரச்சினைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். வலிப்பு, சர்க்கரை, மனநோய் மாத்திரைகளை 'வெளியே வந்துவிட்டோமே' என்று நிறுத்தக் கூடாது என்பதை அவரவர் பாஷையில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இது டாக்டர் வேலையல்ல. தமிழ் தெரிந்த யாரும் செய்யலாம்.

அந்த நாமக்கல் பையன் பிழைத்துக்கொண்டான். அடுத்த பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தான். தோள் சரியாகிவிட்டது, லாரிக்குப் போவதில்லை, மளிகைக் கடையில் நிற்கிறேன், மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேன் என்று எழுதியிருந்தான். மாத்திரையின் பேரையும் எழுதியிருந்தான், ஸ்பெல்லிங் தப்பில்லாமல். அந்த அட்டையைச் சங்கத்து நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். நாலு கேள்விகளை அதன் பின்புறமே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து வருகிறவரை ரயில் ஏற்றப் போகிறவர் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.